டேனியலின் முட்டி வலி

"டேனியலு, வண்டியோட மீதி பாதி எங்கப்பா?"

மூங்கில் மண்டபம் டீக்கடையில் கைலாசம் இப்படிக் கேட்டதும் பெஞ்சு மொத்தமும் சிரித்தது. கைலாசத்தின் குரல் கல்யாண மண்டப மைக் மாதிரி. அவர் ரகசியம் பேசினாலே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

டேனியல் புது வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். ஒல்லியான, கனமில்லாத பைக். போன வாரம் வரை அவர் வந்தது கனத்த கறுப்பு க்ரூசர் பைக்கில். டுப்... டுப்... டுப்... என்று அது தெருமுனை திரும்பும்போதே மாஸ்டர் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். இதுவோ உர்ர்ர் என்று பூனை மாதிரி வந்து நின்றது.

"அத வித்துட்டேன்பா. முட்டி வலி. கனமான வண்டி இனிமே தாங்காது" என்றார் டேனியல், சர்ச்சில் வேதம் வாசிக்கிற அதே அடித்தொண்டையில்.

"அறுபதுலயே முட்டி போச்சா?" என்று ஆரம்பித்தார் அரிசி மண்டி முருகேசன். "எருமை மேல வந்துக்கினு இருந்தவன் ஆட்டுக்குட்டி மேல வரான் பாரு."

முருகேசன் டேனியலுக்கு உயிர்ச் சிநேகிதர். இருவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி க்ரூசர் வாங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். ஏனாத்தூர், முசரவாக்கம், மனசிருந்தால் ஏலகிரி.

பொங்கலிலிருந்து அது நின்றுபோயிருந்தது. முருகேசனின் வண்டி 'சர்வீஸ்ல இருக்குது'. அடுத்த வாரம் கேட்டால் 'செயின் வரல'. ஷேர் ஆட்டோவில் வந்து டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவிலேயே போய்விடுவார்.

வீட்டில் மகள் ஜீவிதா வேறு. "வித்துடுப்பா. இனிமே உனக்கு எதுக்கு வண்டி?"

"வண்டி இல்லன்னா எனக்கு எதுக்குமா ஞாயித்துக்கிழமை?" என்பார் முருகேசன்.

டேனியல் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். "சிரிச்சது போதும். எழுந்து வா."

முருகேசனின் சிரிப்பு நின்றது.

அது அவர்களுக்குள் பழைய வழக்கம். யார் புது வண்டி வாங்கினாலும், பழத்தின் மேல் ஏற்றி முதல் ரவுண்டு போவது மற்றவர். டேனியல் வண்டிக்கு ஃபாதர் ஜெபம் பண்ணியிருந்தாலும் பழம் நசுக்குவது முருகேசன்தான்.

"வேட்டியில வந்திருக்கேன்பா."

"மடிச்சுக் கட்டு."

"ராகு காலம்பா."

"ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம்யா" என்றது கைலாசத்தின் மைக்.

முருகேசன் எழுந்தார். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். பழம் நசுங்கியது. உர்ர்ர்.

தெருமுனை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியவர். இரண்டாவது டீயும் தீர்ந்துபோனது. ஆளைக் காணோம்.

ஏனாத்தூர் வரைக்கும் போய்விட்டு வந்தார். தலைமுடி தேங்காய் நார் மாதிரி பறந்து கிடந்தது.

"எப்படிப்பா இருக்குது?"

"பரவால்ல. தறி நாடா மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பூந்து போவுது. காலேஜ் பசங்களுக்கு லாயக்கு" என்றார். சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த ஞாயிறு இரண்டு உர்ர்ர் கேட்டது. டேனியலுக்குப் பின்னால் முருகேசன், அதே வண்டி, சிவப்பு கலரில்.

"என்னாபா இது?" என்றார் கைலாசம்.

"இவன் ஒண்டியா இந்தப் பூனையில வந்தா நீங்க கிழி கிழின்னு கிழிப்பீங்க. துணைக்கு ஒருத்தன் வேணாவா? அதான் நானும் என் க்ரூசர வித்துட்டேன்."

"பெரிய மனசுப்பா உனக்கு" என்றார் டேனியல், டீயை ஊதிக்கொண்டே.

கைலாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவரும் முருகேசனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். டேனியலின் வண்டி முன்னால் போயிற்று.

"முருகேசா, சிநேகிதம்னா இதான்யா. டேனியல் முட்டிக்காக ராஜா மாதிரி வண்டிய வித்திருக்க பாரு."

முருகேசன் வேகத்தைக் குறைத்தார். மைக் சத்தம் டேனியலின் காதில் விழாத தூரம் வந்ததும் பேசினார்.

"பொங்கலப்போ ரயில்வே கேட்டாண்ட நிக்கிறேன். கால் தாங்கல. வண்டி அப்படியே சாஞ்சிடுச்சு. பின்னாடி இருக்கிறவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். டேனியல் வந்து ஒத்த ஆளா தூக்கி நிறுத்தினான். ஒரு வார்த்த கேக்கல. நானே சொல்லுவேன்னு காத்துக்கினு இருந்தான். நான் சொல்லவே இல்ல."

"சரி, அவனுக்கும் முட்டி வலி தானே?"

"நேத்து எங்க மாடிக்கு கேஸ் சிலிண்டர தோள்ல வச்சிக்கினு ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறினான். மேல போனப்புறம்தான் ஞாபகம் வந்து நொண்டினான்."

கைலாசம் முன்னால் போகிற டேனியலின் காலை எட்டிப் பார்த்தார்.

"அந்த முட்டி வலி என்னுதுப்பா" என்றார் முருகேசன்.

"அட, அப்ப ஒரு வார்த்த நன்றி சொல்லலாம் இல்ல?"

"சொன்னா அவன் நொண்டினதெல்லாம் வீணாப்போயிடும்பா. அவன் சொன்னத நம்பினா மாதிரி கிண்டல் பண்றதுதான் என்னால முடிஞ்சது."

ஆக்ஸிலரேட்டரை முறுக்கி டேனியலை எட்டிப் பிடித்தார். பக்கத்தில் வந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"டேய் கெழவா, முட்டிய பாத்துக்கோடா."