புடவைப் பாட்டு

திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில், பின் ஸீட்டில் யாரோ புடவைப் பாட்டைப் பாடினார்கள்.

சம்பூர்ணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உலகத்தில் அந்தப் பாட்டைப் பாட ஒருத்திதான் உண்டு. அவள் வாயை மூடிக்கொண்டு இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்கே கோபம் வரும். அவள் அந்தக் காலத்தில் இருந்த கம்பெனி நாடகத்தில் ஸ்திரீபார்ட் கோமளம்தான் ராணி. ராணி காட்டுக்குப் போகிற கட்டத்தில் பட்டுப் புடவையை அவிழ்த்துவிட்டுக் காவியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை மேடை காலியாகக் கிடக்கலாமா? தோழி வேஷம் கட்டிய சம்பூர்ணத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். கடலைப் பார்த்து நாலு அடி பாடு என்பார்கள். கம்பெனியில் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. புடவைப் பாட்டு, அவ்வளவுதான்.

"கடலலையே உனக்கு அவசரம் ஏனடி, கரையில் நிற்பவள் கதை கேட்டுப் போடி..."

அலையாவது நின்று கேட்டிருக்கும். ஜனங்கள் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்ததும் கொட்டகையே எழுந்து சோடா குடிக்கப் போகும். மற்ற பாட்டுக்கெல்லாம் 'ஒன்ஸ்மோர்' கூரையைப் பிய்க்கும். இதற்கு எந்த ஊரிலும் ஒரு குடிகாரன்கூட ஒன்ஸ்மோர் கேட்டதில்லை.

புடவை மாற்றி முடிந்ததும் படுதாவுக்குப் பின்னாலிருந்து கோமளம் 'க்கும்' என்று ஒரு இருமல் இருமுவாள். அதுதான் ஜாடை. பாட்டை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டும். கோமளமோ புடவை கட்டுவதில் கெட்டிக்காரி. மூன்றாவது அடி முடிவதற்கும் இருமல் வருவதற்கும் சரியாக இருக்கும். நாலாவது அடியைச் சம்பூர்ணம் மேடையில் பாடியதே கிடையாது.

பேசும் படம் என்று டாக்கி வந்தது, நாடகக் கம்பெனி கலைந்தது. அவரவர் வழியில் போனார்கள். இப்போது செங்கல்பட்டில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறாள். தையல் மிஷினோடு பேசுகிறாள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு, அது பொய்யும் இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டால் அவளிடம் ஒரே பெயர்தான். அவளுடையது. அதையும் அவளே சொன்னால்தான் உண்டு, அவளுக்காகச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

பின் ஸீட்டுக் குரல் இறங்கி வந்தது. குழந்தையைத் தட்டும் சத்தம் தாளமாக விழுந்தது.

"சொல்லி முடிக்குமுன் திரும்புவதேனடி..."

க்கும்.

பாட்டு நின்றது.

சளி பிடித்திருக்கும் என்று சம்பூர்ணம் நினைத்தாள். குழந்தை சிணுங்கியது. மறுபடி முதலிலிருந்து பாட்டு, மறுபடி அதே இடம்.

க்கும்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த இருமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் கேட்டிருக்காது. ஆர்மோனியம் விழுங்கிவிடும். அது தெரிந்தவர்கள் கம்பெனி ஆட்கள் மட்டும்தான். அப்படியானால் இவள் நம்மவள். ஒருவேளை கோமளத்தின் பெண்ணோ? யாராக இருந்தால் என்ன, தனக்கென்று இந்தப் பூமியில் ஒரு ஜீவன் மிச்சம் இருக்கிறதே.

"ஏம்மா, நீ யார் பொண்ணு? உங்கம்மா எந்த நாடகக் கம்பெனில இருந்தா?" என்று திரும்பிக் கேட்டாள்.

மடியில் குழந்தையோடு இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"நாடகமா? எங்கம்மா கோவளத்தாண்ட கழனி வேல செஞ்சவங்க. எம் பேரு சாராள். அங்க ஒரு தபா நாடகக் கொட்டாய் போட்டாங்களாம். எங்க ஜனத்த உள்ளார வுட மாட்டாங்க. மேடைக்குப் பின்னாடி ஓலத் தட்டியாண்ட குந்திகினு கேப்பாங்களாம்."

தட்டிக்குப் பின்னால்.

அங்கே ஆள் இருக்கும் என்று சம்பூர்ணம் ஒருநாளும் நினைத்ததில்லை. காலிப் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு பாடியிருக்கிறாள். கேட்டவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"சரி, நடுவுல அந்த இருமல் எதுக்கு?"

"அது பாட்டுலயே கீதும்மா. பாடுற அம்மாவுக்கு இன்னா சீக்கோ பாவம், தெனிக்கும் அந்த எடத்துல இருமல் வந்துடுமாம். அதுக்கு மேல பாட முடியாம வுட்டுடுவாங்களாம்." சாராள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "எங்கம்மா சாவுற வரிக்கும் ஜெபத்துல அவங்களையும் சேத்துக்குவாங்க. ஆண்டவரே, அந்தப் பாடுற பொம்பளைக்கு நெஞ்சு நோவு தீரட்டும்னு. இப்ப நானும் சொல்லிகினு வர்றேன். உசுரோட கீறாங்களோ இன்னாவோ."

சம்பூர்ணத்துக்கு அழுகை வந்தது. பஸ் என்றும் பார்க்காமல் அழுதாள்.

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"இருக்கா" என்றாள் சம்பூர்ணம், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு. "அவளுக்கு இருமல் நின்னுபோச்சும்மா."

காலை மடக்கி, ஸீட்டில் முழுசாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இருமல் விழுந்த இடத்திலிருந்து எடுத்து நாலாவது அடியைப் பாடினாள்.

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த சாராளின் கை அப்படியே நின்றுவிட்டது.

பஸ் கிளம்பிய சத்தத்தில், முன் ஸீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.