புதினா வாசம்

"என்ன சார், வாயெல்லாம் புதினா வாசம்?"

பல் ஆஸ்பத்திரி டெக்னீஷியன் கையிலிருந்த காகிதக் குச்சியைத் தட்டில் வைத்துவிட்டார். நாற்காலியில் வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்தவன், பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தான்.

"நான்தான் தம்பி," என்றாள் அம்மா. "ஒரு வாரமா காலையும் ராத்திரியும் மருந்துத் தண்ணியில கொப்பளிக்க வெச்சேன். இவனுக்கு இதயத்துல வால்வு மாத்தப் போறாங்க. ஈறுல கெட்ட கிருமி இல்லன்னு நீங்க சொன்னாத்தான் கத்தி வைப்பாங்களாம். நாறின வாயோட கூட்டிட்டு வர முடியுமா?"

"தூங்கும்போதுகூட வாயில ஊத்திடுவாங்களோன்னு பயந்துட்டேதான் சார் படுத்தேன்," என்றான் மகன்.

டெக்னீஷியன் சிரித்தார். "கைரேகையைத் துடைச்சு வெச்சுட்டுத் திருடனைப் பிடிக்கச் சொல்றீங்களேம்மா! இன்னிக்கு சாம்பிள் எடுக்க முடியாது. மருந்தை நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க. ஆபரேஷனைத் தள்ளிவைக்க நான் டாக்டர்கிட்ட பேசறேன்."

"கொப்பளிச்சா என்ன தம்பி தப்பு?"

விளக்கிச் சொல்வதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஊசிபோல் மெலிந்த அந்தக் குச்சியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல சின்னதா ஒரு பை மாதிரி இருக்கும்மா. இதை அதுல செருகினா உள்ள இருக்கற அழுக்கை உறிஞ்சிக்கும். எந்தக் கிருமி எவ்வளவு இருக்குன்னு லேப்ல பார்த்துடுவாங்க. நீங்க ஊத்தின மருந்துல முக்கால்வாசிக் கிருமி செத்திருக்கும். மிச்சம் ஆழத்துல போய்ப் பதுங்கிக்கும், குச்சியில ஒட்டாது. 'கிருமி இல்லை'ன்னு பொய்யா முடிவு வந்துடும்."

"பதுங்கினது?"

"மருந்தை நிறுத்தினதும் பெருகும். ஈறுல ரத்தம் கசியுதில்ல, அந்த வழியாவே உள்ள போய்ப் புது வால்வுல ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிட்டா... விட்டு விட்டுக் காய்ச்சல் வருமா?"

"வரும்."

"மூச்சு வாங்குமா?"

"வாங்கும். பரவாயில்லையே, நல்லா விவரமா கேக்கறீங்க!"

அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கிருமி எங்கிருந்து வந்துச்சுன்னு டாக்டருக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? ஈறு சுத்தம்னு முடிவு கையில இருந்தா, யாரும் வாய்ப் பக்கம் தேடவே மாட்டாங்க."

மகன் சட்டென்று எழுந்தான். "அம்மா, போதும். வா, போகலாம்."

"கேக்கட்டும் சார். இவ்வளவு அக்கறையா கேக்கறவங்க வீட்ல ஒரு உசுரு வீணா போகாது," என்றார் டெக்னீஷியன் உற்சாகமாக.

அம்மா அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வால்வு மாத்தி ரெண்டே மாசத்துல காய்ச்சல்ல போனாரே, இவன் அப்பா... அவரையும் ஒரு வாரம் கொப்பளிக்க வெச்சுத்தான் தம்பி இதே நாற்காலிக்குக் கூட்டிட்டு வந்தேன். வாய் கமகமன்னு இருக்குன்னு பாராட்டிட்டு, நீங்கதான் குச்சியைச் செருகினீங்க."