உள்பக்கத் தாழ்ப்பாள்

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, தாய்ப்பால் ஆலோசனைக்கென்று சொந்தமாக அறை பிடித்திருந்த மருமகள், அவளுடைய மாமியார், நாத்தனார், நாத்தனாரின் மடியில் கைக்குழந்தை.

"பால் குடுக்கப் பாடம், அதுக்கு ஃபீஸ் வேற. நாளைக்கு மூச்சு விடவும் கிளாஸ் எடுப்பியா?" என்றாள் மாமியார்.

மருமகள் தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கஷ்டப்படறவங்க வருவாங்க, அத்தை."

"என்ன பெரிய கஷ்டம்? என் பொண்ணைப் பாரு. ஒரு நாள் வாயைத் திறந்திருப்பாளா? நான் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கறேன். அது சரி, கதவுக்கு உள்ள எதுக்கு இத்தனை பெரிய தாழ்ப்பாள்? நகைக்கடையா வைக்கப்போற?"

"முதல்ல வரப்போறவங்க கேட்டாங்க."

"அந்த மகாராணி இன்னும் வரலையே. ஈ ஓட்டிக்கிட்டு உட்காரு."

"வந்தாச்சு, அத்தை."

நாத்தனார் எழுந்து குழந்தையை அண்ணியிடம் கொடுத்தாள்.

"நான்தாம்மா அது. கதவைத் தட்டாம உள்ள வந்து, பால் வருதா வருதான்னு நீ குனிஞ்சு பார்க்கிறப்போ எனக்கு உடம்பே இறுகிப்போகுது. பிள்ளை பசியில கத்துது. பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டு பம்ப் பண்றேன். வெளிய போ."

"பெத்தவகிட்டயே போன்னு சொல்றியா?"

"பெத்தவங்கிறதாலதான் இவ்வளவு நாள் சொல்லல. போ."

மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் கதவைத் திறந்து பிடித்தாள்.

அம்மா வாசலைத் தாண்டியதும் மகள் கதவை அறைந்து சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.