தம்பதி சமேதராய்

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து உக்காந்தாத்தான் பதிவு. ஒருத்தர் இல்லன்னாலும் நான் மிஷினை மூடிட்டுக் கிளம்பிடுவேன்" என்றாள் கரீன்.

மன்சூர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நுஹாத் அவர் கையில் காபிக் கோப்பையைத் திணித்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

கரீன் பெய்ரூட்டிலிருந்து வந்திருந்தாள். சின்னச் சின்ன ஒயின் ஆலை நடத்தும் தம்பதிகளின் கதையை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்வது அவள் வேலை. பதிவான ஆலையின் பெயர், சுற்றுலாக்காரர்களுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் ஏறும். ஏறாத ஆலையைத் தேடி பத்ரூன் மலையில் இவ்வளவு உயரம் எவன் வரப்போகிறான்? போன வருஷத்து ஒயினே இன்னும் மன்சூரின் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து ஆலையிலும் அதே கதிதான். இந்த வரைபடமும் கைவிட்டால் இரண்டையும் இழுத்து மூட வேண்டியதுதான்.

கரீன் தன் பட்டியலைப் பார்த்தாள். "மன்சூர் தம்பதி. சரிதானே?"

"அதென்ன மன்சூர் தம்பதி? பொம்பளைக்குப் பேரு கிடையாதா உங்க லிஸ்ட்ல?" என்றாள் நுஹாத். "எழுதிக்கோ. நுஹாத்."

கரீன் அசடு வழிய எழுதிக்கொண்டாள். நிறையப் படித்த பெண். தாளில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ரகம்.

பதிவு தொடங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பம்ப் அலறியது. நுஹாத் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள். அடுத்த வீட்டு பம்பை நாமாக நிறுத்தலாமா என்று கரீன் கேட்டதற்கு, நான் நிறுத்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாள்.

"சரி மதாம், உங்க புருஷனைப் பத்திச் சொல்லுங்க."

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல நுஹாத் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவனா? ஒயினை வாயில ஊத்தி அஞ்சு நிமிஷம் கொப்புளிப்பான், கண்ணு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, ஆப்ரிகாட் வாசனை வருதும்பான். வராம என்ன செய்யும்? ஜன்னல்ல நான் காயப்போட்ட ஆப்ரிகாட் அது. வெளியூர்க்காரன் எவனாவது வந்துட்டா போதும், நான் மிதிச்ச திராட்சைக்கு அவன் காலைத் தூக்கிக் காட்டுவான்."

மன்சூர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்படி மானத்தை வாங்கும்போதும் சிரிக்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று கரீன் உருகிப்போனாள்.

அடுத்து அவர் முறை. மனைவியைப் பற்றிக் கேட்டதும் மன்சூர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தோட்டத்துக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி அவ வானத்தைப் பாக்க மாட்டாம்மா, செருப்பைத்தான் பாப்பா. பதினெட்டு அறுவடைல அவ பறிச்ச குலைய எல்லாம் ஒரே கூடைல போட்டாலும் அடி தெரியும்."

"கூடையே அதிகம். ஒரு தட்டு போதும்" என்று நுஹாத் எடுத்துக் கொடுத்தாள்.

இப்படியே ஒரு மணி நேரம் ஓடியது. அவன் பீப்பாய் வாங்கப்போய் புதுக் கோட்டோடு திரும்பிய கதை, அவள் லேபிளில் தன் படத்தைப் போடச் சொல்லி மூன்று நாள் பட்டினி கிடந்த கதை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். ஒரு குறையையும் மிச்சம் வைக்கவில்லை.

கரீனுக்கே பொறுக்கவில்லை. "இவ்வளவு வெறுப்பை வச்சுக்கிட்டு இந்த ஆலையை எப்படித்தான் நடத்துறீங்க?"

சிரிப்பு நின்றது. மன்சூர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரு வருஷம் எல்லாத்தையும் விட்டுட்டேம்மா. பழம் கொடியிலேயே வெடிச்சு ஈ மொய்க்குது. நான் படுக்கைய விட்டு எழுந்திருக்கல. ஒரு நாள் விடியக்காலைல கத்தரிக்கோல் சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா, இவ. ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது. முதல் வரிசைய முடிச்சுட்டு, ரெண்டாவது வரிசை உன்னுதுன்னா. அன்னிக்கு எழுந்தவன்தான்."

நுஹாத் தரையைப் பார்த்துக்கொண்டு, மறு வாரம் தன் தொட்டிக் குழாய் உடைந்தபோது இரவெல்லாம் நனைந்துகொண்டு அதை அடைத்தது யாராம் என்று முணுமுணுத்தாள்.

கரீன் மூக்கை உறிஞ்சினாள். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டால் ஒரு படம் எடுத்துக்கொள்வேன் என்றாள். மன்சூருக்குக் காது மடல் சிவந்தது. கையெல்லாம் திராட்சைக் கறை என்று நுஹாத் இரண்டு கையையும் முந்திக்கொண்டு பின்னால் ஒளித்தாள். எத்தனை வருஷமானாலும் இந்த வெட்கம் போகாது போலிருக்கிறது என்று கரீன் நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு தாளை நீட்டினாள். இங்கே சொன்னதெல்லாம் உண்மை என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நுஹாத் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அழுத்தமாகப் போட்டாள். மன்சூரும் போட்டார்.

"இதுவரைக்கும் பதிஞ்சதுலேயே உங்க ஜோடிதான் அருமை" என்று கரீன் பையை மூடினாள். "அடுத்தது ஷுக்ரி தம்பதி. சுவருக்கு அந்தப் பக்கம்தானே? ரெண்டு பேரும் இருப்பாங்களா?"

"அங்கே போக வேணாம் கண்ணு. அந்தத் தம்பதியையும் சேர்த்துத்தான் பதிஞ்சிருக்கே. ரெண்டு ஆலைக்கு நேராவும் டிக் போட்டுக்கோ."

கரீன் பையைத் திறந்து பட்டியலை மறுபடி வெளியே எடுத்தாள்.

"ஷுக்ரி என் புருஷன்" என்றாள் நுஹாத். "மூணு வருஷத்துக்கு முன்னாடி மன்சூர் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு சைப்ரஸுக்கு ஓடிட்டான். அந்த ரெண்டு பேரைப் பத்தியும் நாங்க சொன்னதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது, கையெழுத்துகூடப் போட்டிருக்கோம்."