வாயிலுக்குள் மட்டும் நிறம்

சாய ஆலைக்குள் மட்டுமே செங்கோடனின் கண்களுக்கு நிறம் தெரியும். ஒரு சிவப்புக்கும் மறு சிவப்புக்கும் உள்ள மயிரிழை வேறுபாட்டைப் பிரிக்கும் அந்தத் திறன் போட்டி ஆலைக்குப் போய்விடக் கூடாதென்று, வாயிலைத் தாண்டியதும் நிர்வாகம் அவன் நிறங்களை அணைத்துவிடும். உழைப்பை வாங்கியவர்கள் வானத்தின் நீலத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். நிறம் பார்க்கும் தொழிலாளர் குடியிருப்பு முழுவதும் சாம்பலில் உண்டது, சாம்பலில் உறங்கியது.

ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில், பிறந்த பிள்ளையைத் தகப்பன் வாயிலுக்குள் ஏந்திச் சென்று நிறம் பார்த்து வருவான்.

அன்று துணியில் பொதிந்த மகனை அவனிடம் கொடுத்துவிட்டு, அதே வேலை பார்க்கும் அவன் மனைவி பூவாத்தாள் கம்பிக்கு வெளியே நின்றாள்.

"அழுகவே மாட்டேங்கறானுங்க. பாலுக்குக்கூட எழுப்போணும். அத்தனை சாது," என்றாள் காவலாளியிடம்.

"அப்ப நம்ம சாய மாஸ்டர் மாதிரி இல்லீங்க," என்று செங்கோடனைப் பார்த்துச் சிரித்தபடி அவர் கதவைத் திறந்தார்.

உள்ளே கால் வைத்ததும் செங்கோடனுக்கு நிறங்கள் திரும்பின. துணியை விலக்கினான்.

"ஏனுங்க, உங்க நிறமுங்களா, என் நிறமுங்களா?" என்றாள் பூவாத்தாள்.

அவன் பிள்ளையின் இமையை விரலால் விலக்கினான். விழிவெள்ளையில் மஞ்சள், மார்பில் மஞ்சள், உள்ளங்காலிலும் மஞ்சள். அது நேற்று ஏறிய காமாலை அல்ல என்பது, அந்த ஆலையிலேயே சிறந்த கண்களுக்குப் பார்த்ததும் தெரிந்தது.