இடது கால்

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவும் சடங்கு. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் காலை சாமியார் முழந்தாளிட்டுக் கழுவ, உபதேசியார் கஸ்பார் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். எல்லோரும் வலது காலைத்தான் நீட்டினார்கள். கடைசியாக இருந்த எப்ராசி மட்டும் இடது காலை நீட்டினாள். கணுக்காலுக்குக் கீழே அது கோணிப்போயிருந்தது.

கஸ்பார் செம்பைச் சாய்க்காமல் நின்றுவிட்டார். மழை இருட்டில் அந்தக் காலின்மேல் பைக்கை ஏற்றிவிட்டு, திரும்பிக்கூடப் பாராமல் பறந்தவர் அவர்தான். முகம் தெரியாத வெளியூர்ச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் நொண்டிக்கொண்டே நற்கருணை வாங்க வரும்போது, அவர் சுவரைப் பார்த்துக்கொள்வார்.

"தண்ணி ஊத்தும், உபதேசியாரே," என்றார் சாமியார்.

செம்பு சரிந்தது. தண்ணீர் குபுக்கென்று கொட்டி, தாம்பாளத்தைத் தாண்டித் தரையில் ஓடியது. சாமியார் துண்டை எடுக்கத் திரும்பினார். பாடற்குழுவின் சத்தத்துக்குள் எப்ராசி நிமிர்ந்து கஸ்பாரின் முகத்தைப் பார்த்தாள்.

"பைய ஊத்தும். அன்னைக்கு மாதிரி அவசரப்படாதேயும்."

காலை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. செம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.