பத்து இறாத்தல்

"ஏறுங்க மச்சான். நெல்லு மூட்டையே வெட்கப்படாம ஏறுது, உங்களுக்கென்ன?"

ஆதம்பாவா சொல்லிவிட்டுச் சிரித்தார். விடியலில் சைக்கிளில் எருமைப்பால் விற்பவர், பகலில் மில்லில் நெல் நிறுப்பவர். பேர்னாட் அதே மில்லின் மெக்கானிக். செருப்பைக் கழற்றினார், சட்டைப்பையில் கிடந்த சாவிகளை எடுத்து வைத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினார்.

"மூச்சைப் பிடிச்சா நிறை குறையுமா? விடுங்க. நூற்றைம்பது இறாத்தல். போன கிழமையும் இதுதான்."

"தராசு பிழை."

"பிழையெண்டா முதலாளிக்குத்தான் சந்தோசம். அது சரியாத்தான் இரிக்கு. இன்னும் பத்து இறாத்தல் இறங்கோணும்."

தன்னாமுனையில், பேர்னாட்டின் மனைவி செசீலியாவுக்குச் சீதனமாக வந்த வளவின் பின்புறம், ஓலைக் கொட்டகைக்குள் ஒரு விமானம் நின்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சீனக்குடா விமானத்தளத்தில் வேலை செய்தபோது, ஒரு வெள்ளைக்காரன் பேர்னாட்டை இரண்டொரு தரம் மேலே கொண்டுபோய், ஓட்டும் பிடியையும் கையில் கொடுத்திருந்தான். அன்று பிடித்த பைத்தியம். பழைய சஞ்சிகை ஒன்றில் வந்த வரைபடத்தைப் பார்த்து, சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு, ஆறேழு வருசமாகக் கட்டினார். இறக்கைக்குக் காத்தான்குடித் தறித் துணி. முன்னுக்கு, மதிலில் மோதிச் சப்பளிந்த ஒரு வொக்ஸ்வேகன் காரின் எஞ்சின். அதற்கு வலு போதாது. ஓட்டுகிறவன் நூற்றுநாற்பது இறாத்தலைத் தாண்டினால் விமானம் எழும்பாது என்பது பேர்னாட்டின் கணக்கு. கட்டத் தொடங்கும்போது அவர் அவ்வளவுதான் இருந்தார். கட்டி முடிக்கும்போது வயிறு வைத்துவிட்டது.

"மெலிஞ்ச ஆள் ஒண்டை ஏத்தினா என்ன?" என்று கேட்டார் ஆதம்பாவா.

"விழுந்தா என்ர எலும்பு முறியட்டும். ஊரான் பிள்ளையை எப்பிடி ஏத்துற?"

"அப்ப கெதியா மெலியுங்க. மழை விழுந்தா, விமானம் ஓடி எழும்ப இரிக்கிற வயல் வட்டையை உழுதுபோடுவாங்க. பிறகு சேத்துக்குள்ளயா ஓட்டப்போறீங்க?"

பேர்னாட் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் செசீலியா வாசலிலேயே நின்றாள். "எவ்வளவாம்?"

"அதே."

"ஐயோ பாவம். சோறுமில்ல, மீனுமில்ல. தவசு காலம் முடிஞ்சும் பேர்னாட் ஒருசந்தி நோன்பை விடல்ல எண்டு பாதர் பூசையில புகழ்றார். நான் என்னத்தைச் சொல்ல, விமானத்துக்கு எண்டா?"

செசீலியாவைப் போல ஒரு பெண்சாதி எவனுக்கும் வாய்க்காது என்று ஊரே சொன்னது. எஞ்சின் வாங்கக் கைக்காப்பைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். இறக்கைத் துணியைத் தன் தையல் மெசினில் இரட்டைத் தையல் போட்டவளும் அவள்தான். பிள்ளையில்லாத வீடு, இருந்தது இரண்டு பேர். 'வேண்டாம்' என்று ஒரு நாளும் அவள் வாயால் வந்ததில்லை.

கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தேங்காய்ப்பால் விட்டியா, புள்ள?"

"மாதா அறிய ஒரு சொட்டும் விடல்ல."

பேர்னாட் ஒரு மிடறு குடித்தார். "வெறும் கஞ்சி எப்பிடி இவ்வளவு ருசியா இரிக்கு?"

"பசியில எல்லாம் ருசிதான். கோப்பைக்கு அடியில நீலப் பூத் தெரியுற மட்டும் குடிங்க. வெறும் வயித்தோட மேல போய்த் தலையைச் சுத்தினா என்ன செய்யிற?"

பூத் தெரியும் வரை அவள் பக்கத்தில் நின்றாள்.

அந்த வருசம் மழை முந்திக்கொண்டது. வட்டையை உழுதார்கள். அடுத்த வருசமும் கஞ்சி, அடுத்த வருசமும் நூற்றைம்பது. மூன்றாவது மழையோடு பேர்னாட்டுக்கு மனம் விட்டுப்போனது. பெரியகல்லாற்றுச் சம்மாட்டி ஒருவர் வள்ளத்துக்கென்று எஞ்சினை வாங்கிப் போனார். மிச்சம் கொட்டகைக்குள் கிடந்து, கோழி முட்டையிடும் இடமானது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கொட்டகையோடு இறக்கைகளையும் அள்ளிக்கொண்டு வாவிப் பக்கம் போனது. "பேர்னாட் ஏறாததாலதான் எழும்பிச்சு" என்று ஊர் சிரித்தது. பேர்னாட்டும் சேர்ந்து சிரித்தார்.

சூறாவளிக்கு அடுத்த வருசம் ஒரு பின்னேரம் ஆதம்பாவா பஸ்ஸேறிப் பார்க்க வந்தார். கொட்டகை நின்ற இடத்தில், தலை முறிந்த தென்னைக்கருகே இரண்டு பேரும் கதிரை போட்டு இருந்தார்கள்.

"நல்லா வத்திப்போனீங்க மச்சான். இப்ப தராசில ஏறினா முள்ளு நூற்றிருபதைத் தாண்டாது."

"ஆள் தயார். விமானம்தான் இல்ல."

செசீலியா இரண்டு கோப்பைகளில் கஞ்சி கொண்டுவந்தாள்.

"விமானம் போனாப் போகட்டும்," என்றார் பேர்னாட். "அந்த நாளையில இவ காய்ச்சின கஞ்சி, மச்சான்! நாக்கில இன்னும் நிக்கிது. அந்த ருசி பிறகு வரவே இல்ல."

"அரிசி மாறிப்போச்சு," என்றாள் செசீலியா. "இப்ப எல்லாம் உரம் போட்ட அரிசி." சொல்லிவிட்டு விறுவிறென்று உள்ளே போய்விட்டாள்.

ஆதம்பாவா அவள் போன திசையைப் பார்த்துத் தாடியைத் தடவினார்.

"ஒண்டு கேக்கணும் மச்சான், கனகாலமா மனசில கிடக்கு. நீங்க தராசில ஏறித் திரிஞ்ச காலம் முழுக்கத் செசீலியாத் தங்கச்சி என்னட்ட ஒவ்வொரு நாளும் விடிய ரெண்டு போத்தல் எருமப்பால் வாங்கினா. எஞ்சினை வித்த அடுத்த நாளே 'இனி வேணாம் நானா' எண்டு நிப்பாட்டிப்போட்டா. அது ஏன்?"

உள்ளே சட்டி கழுவும் சத்தம் நின்றது. பேர்னாட் கையிலிருந்த கோப்பையைக் குனிந்து பார்த்தார். இன்னும் வாய் வைக்காத கஞ்சியின் அடியில் நீலப் பூ தெளிவாகத் தெரிந்தது.